பிரேமலதா வீட்டு லைன்

அது 2002, ஐப்பசி மாதம். சங்கரன்கோவில் தொலைபேசி நிலையத்தில் புகார் கேட்கும் மேசையில் அன்று ஷீலா மட்டுமே இருந்தாள். காலை பதினொன்றரைக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலிலுள்ள போன் பூத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"மேடம், இசக்கித்துரை பேசுதேன். என் பொண்டாட்டி சுமதிக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்க மாட்டேங்கு. ஓ நெகட்டிவ். இங்கன எங்கயும் கிடைக்கல. அங்கன எங்க கொழுந்தியா பிரேமலதாவுக்கு அதே ரத்தந்தான். ஒரு மணி நேரமா அடிக்கேன், எங்கேஜ்டாவே இருக்கு. அந்தத் தெருவுல வேற நம்பர் எனக்குத் தெரியாது."

"பூத்துலயே நில்லுங்க அண்ணாச்சி. நான் பாக்கேன்."

அவர் சொன்ன பிரேமலதாவின் எண்ணுக்குரிய வயர்களில் சோதனைப் போனை மாட்டிக் காதில் வைத்தாள். பேச்சுக்குரல் இல்லை. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல ஓயாத இரைச்சல். மோடம். வீட்டிலுள்ள கம்ப்யூட்டரின் எழுத்துகளை ஒலியாக்கி இந்தக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை எந்த அழைப்பும் உள்ளே போகாது.

"பிரேமலதா! பிரேமலதா!" இரைச்சலுக்குள் கத்திப் பார்த்தாள். கேட்பதற்கு அங்கே யாரும் ரிசீவரை எடுத்திருக்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் லைனைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. ஷீலா அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கினாள். சற்றுப் பொறுத்து மாட்டிவிட்டு, அந்த எண்ணை அழைத்தாள். எங்கேஜ்டு. தொடர்பு அறுந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி டயல் செய்துவிட்டது. இன்னொரு முறை பிடுங்கினாள். அதே கதை.

இசக்கித்துரை மறுபடி அழைத்தார். "டாக்டர் வந்து கேட்டுட்டுப் போறாரு மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

மூன்றாம் முறை பிடுங்கிய ஃபியூஸை மாட்டவே இல்லை. வீட்டுக்குப் போகும் வயர்களைச் சோதனை மேசையோடு நேராக இணைத்து மணி அடித்தாள். டயல் டோன் இல்லாமல் மோடம் ஒன்றும் செய்ய முடியாது. பிரேமலதாவே ரிசீவரை எடுத்தாள்.

"யாரு? ரெண்டு நாளா டைப் அடிச்ச வேலை, பாதி போகையில அறுந்துட்டு!"

"எக்சேஞ்சுலருந்து பேசுதேம்மா. நான்தான் அறுத்தேன். ஒங்க அக்காவுக்கு ரத்தம் வேணும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு உடனே கெளம்பு."

ரிசீவர் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு கதவு.

சாயங்காலம் இசக்கித்துரை அழைத்தார்.

"பிரேமா ரத்தம் ஏத்தியாச்சு மேடம். சுமதி கண்ணு முழிச்சிட்டா."

"பிள்ளை?"



"பொம்பளப்பிள்ளை. மத்தியானமே போயிட்டு. அவகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்லுவேன் மேடம்?"

மேசையில் மற்ற போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அவர் அழுது முடிக்கும்வரை அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.