புரட்டாசியில் இறாலுக்குச் சாம்பிராணி

பெர்சி ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் வாயால் சொல்லவில்லை, தலையால் சொன்னாள்.

கப்பலூர் சாயப்பட்டறை முதலாளி அழகுபாண்டி, சாயக் கழிவுநீரை வடிகட்ட அவள் கொண்டுவந்த மெல்லிய படலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “எதுல செஞ்சதும்மா?” என்றார்.

“இயற்கைப் பொருள்தாண்ணே.”

“கடல்பாசியா?”

அன்று புரட்டாசி முதல் சனி. அவர் நெற்றியில் பளிச்சென்று நாமம். முட்டை பப்ஸ்கூட உள்ளே வரக் கூடாதென்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். வேதியியலில் முதுகலை முடித்தும் நாலு பேர் முன்னால் நாக்கு எழாத பெர்சி, தலையை ஆட்டிவிட்டாள்.

உண்மையில் அது இறால் ஓடு. புரட்டாசியில் ஊர் கவிச்சியை விட்டுவிடும், மீன் விலை படுத்துவிடும். வண்டியூரில் அவள் அம்மா பிலோமினாளுக்குக் கிறிஸ்துமஸ் அப்போதே வந்துவிடும். சதை குழம்புக்கு, ஓடு மகளுக்கு. பெர்சி அதை அமிலத்தில் ஊறவைத்து, காரத்தில் வேகவைத்து, வினிகரில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி அப்பளம்போல் காயவைப்பாள். தெரு நாய்கள் அவளை மரியாதையோடு பின்தொடர்ந்தன.

படலத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்தி மூடியைத் திருகியிருந்தாள். மேலே கழிவுநீர் போகும், கீழே குழாயில் தெளிந்து வரும். வெள்ளோட்டத்தில் நீலத் தண்ணீர் இளநீராக வந்தது. ஆயுத பூசை கழிந்து திங்கட்கிழமை மாசு பார்க்கும் அதிகாரி வருவார். அவர் முன்னால் தெளிந்தால் படலம் பட்டறையில் நிலைக்கும். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று அழகுபாண்டி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வெள்ளைத்துரை கண்ணாடிப் புட்டியோடு குழாயருகே குனிந்தார். நீலம் உள்ளே போனது. வெளியே ரோஸ் வந்தது.

“ஏம்மா, இது வடிகட்டுதா, தனியா சாயப்பட்டறை நடத்துதா?” என்றார் அழகுபாண்டி.

நூல் அலசிக்கொண்டிருந்த மலையம்மாள் எட்டிப் பார்த்தாள். “நல்ல கலருண்ணே. ஜாக்கெட் துணி ரெண்டு முக்கிக்கிறவா?”

பெர்சிக்குக் காது சுட்டது. நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியாமல் இயந்திரங்களைப் பார்த்தாள். மோட்டாருக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. கக்கூஸ் பம்புக்கும் பொட்டு. அவளுடைய பெட்டிக்கு மட்டும் இல்லை.

“அண்ணே, இதுக்குப் பூசை போடலையா?”

“போடாம? வெளிய இருக்குறது வெறும் டப்பா. வேலை பாக்குறது உள்ளதான இருக்கு? மூடியக் கழட்டி, அதுக்கே வச்சேன்.”

அவள் திருகுகளைக் கழற்றினாள். படலத்தின் நடுவில் சந்தனம், அதன்மேல் கை தாராளமாகக் குங்குமம். ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.

“இந்தக் குங்குமம் மஞ்சள்ல செஞ்சதில்லண்ணே. சாயம். படலம் உங்க நீலத்தப் பிடிச்சிக்கிரும். இதப் பிடிக்காது.”

“ஏன், பாரபட்சமா?”

“மின்னூட்டம்...” என்று தொடங்கினாள். எல்லோரும் முழித்தார்கள். “நீலம் இதுக்கு முறைப்பையன்ணே. ஒட்டிக்கிரும். குங்குமம் பங்காளி. ஒட்டாது.”

மலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளைத்துரை மட்டும் சிரிக்கவில்லை. “கடல்பாசின்னுல்ல முதலாளி சொன்னாரு? கடல்பாசின்னா குங்குமத்தைப் பிடிச்சு நீலத்தை விட்டிருக்கணும். உன் முறைப்படி பார்த்தா எல்லாம் தலைகீழா இருக்கு. இது என்னன்னு சொல்லும்மா. தெரியாம நான் சாம்பிள் எடுக்க மாட்டேன்.”

பெர்சி அழகுபாண்டியின் நாமத்தைப் பார்த்தாள். தலையாட்டி ஒப்பேற்ற முடியாத கேள்வி.

“எறா ஓடு,” என்றாள்.

“என்னது?”

“எறா ஓடுண்ணே!” மோட்டார் சத்தத்தையும் மீறி அவள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. அவளுக்கே புதிய குரல்.

அழகுபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். “பெருமாளே! புரட்டாசியில எறாவுக்குச் சாம்பிராணி காட்டியிருக்கேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன்.”

“அதுக்கென்ன,” என்றாள் மலையம்மாள். “மீனாவே அவதாரம் எடுத்தவரு. எறா அவருக்குப் பக்கத்து வீடுதான?”

பெர்சி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெட்டியைக் கழுவி, பையிலிருந்து புதுப் படலத்தை எடுத்துப் பொருத்தி, திருகினாள். நீலம் போனது. குழாயில் சொட்டு விழுந்தது. வெள்ளைத்துரை புட்டியைத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக வாசலில் இருந்த முட்டை பப்ஸ் அறிவிப்பு எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி தெரிந்தது.

அவர் புட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். அழகுபாண்டி பெட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று யோசித்தார்.

“இருக்கட்டும். ஆனா யாராவது கேட்டா, புரட்டாசி கழியிற வரைக்கும் இது கடல்பாசி.”

“இல்லண்ணே. எறா ஓடு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வாயில்லாப் பிள்ளைன்னு நெனச்சேன்,” என்று முனகிவிட்டு, பெட்டியின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். மிச்ச மாதம் முழுக்க அப்படித்தான் சுற்றிப் போனார்.

ஐப்பசி முதல் தேதி காலையில் அழகுபாண்டியிடமிருந்து போன் வந்தது.

“அம்புட்டு ஓடு சேருதே, உள்ள இருக்குறத என்னம்மா செய்யிறீக?”

“அம்மா குழம்பு வைப்பாங்கண்ணே.”



“வாரப்ப ஒரு தூக்குவாளியில கொண்டுவா. படலம் எதுலருந்து வருதுன்னு பாக்கணும்ல.”