முன்னேறிய வார்டு

எல்லாம் என் வீட்டுக்காரர் கைதட்டியதில் ஆரம்பித்தது.

எங்கள் வார்டுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. கவுன்சிலர் ஒன்றைச் சொல்வார், ஜனங்கள் கைதட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். அன்றைக்கு அவர் மைக்கைப் பிடித்து, "நகரத்துலயே வருமானத்துல நம்ம வார்டுதான் முதலிடம். இனிமே நாம முன்னேறிய வார்டு, சம்மதம்தானே?" என்றார். 'முதலிடம்' என்று காதில் விழுந்தால் போதும், இந்த மனுஷனுக்குத் தலைகால் புரியாது. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையால் எல்லோருக்கும் முன்னால் தட்டினார். அவரைப் பார்த்துத்தான் பின்வரிசையே தட்டியது.

வருமானம் யாருக்கு ஏறியதாம்? எங்கள் இஸ்திரிக் கடைக்கு எதிரே எழும்பியிருக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கு. அந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவர்களில் இவரும் ஒருவர். சிறுநீரகம் கெட்டு வேலையை விட்ட பிறகும் 'நம்ம பில்டிங்' என்றுதான் சொல்வார். அங்கிருந்து வரும் துணிக்கு இஸ்திரி போடுகிறவள் நான். என் கூலி மட்டும் முன்னேறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கூட்டிக் கேட்டால், "நாங்க வீட்லயே போட்டுக்கறோம்" என்கிறார்கள்.

அடுத்த மாதமே வார்டு ஆஸ்பத்திரியில் இலவச டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். முன்னேறிய வார்டுக்கு இலவசம் கிடையாதாம். ஒரு முறை தவறினாலே இவருக்குக் கால் வீங்கி மூச்சு இரைக்கும்.

இவரையும் இழுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். காரியம்தான் ஆகவில்லை.

"சராசரி ஏறிடுச்சும்மா."

"யாரு சார் அது? எங்க வீட்டுப் பக்கம் வந்ததே இல்லையே!"

அவர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். எல்லோர் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தார்களாம். அதன்படி என் பங்கும் உயர்ந்திருக்கிறதாம்.

"அப்ப என் பங்கைக் கையில குடுங்க. நான் வெளியில வைத்தியம் பாத்துக்கறேன்."

"அது கணக்குல மட்டும்தான்மா இருக்கு."

"இவரு வியாதி உடம்புல இருக்கே சார்!"

இவர் என் கையைக் கிள்ளினார். "சாரை ஏன் படுத்தறே? பாவம், அவரு என்ன பண்ணுவாரு?"

பாவம் பார்க்க வேறு ஆளே கிடைக்கவில்லை இவருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். அதிகாரி குரலைத் தாழ்த்தி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் பின்தங்கிய வார்டு, அங்கே குடியிருந்தால் இலவசம் உண்டு என்றார்.

அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை கிடைத்தது. அங்கே யார் இஸ்திரிக்குத் துணி கொடுக்கப்போகிறார்கள்? அதனால் கடை இங்கேயே இருக்கட்டும், தினமும் பாலம் தாண்டி வந்து போகலாம் என்று முடிவு செய்தேன். சாமான்களை ஏற்றியதும் வண்டியில் உட்கார்ந்த இவர் அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? நாம கிளம்பிட்டா இங்க சராசரி இன்னும் கொஞ்சம் ஏறும்."

பெருமையாகத்தான் சொன்னார். வண்டியிலிருந்து தள்ளிவிடலாமா என்றிருந்தது. வைத்தியத்துக்குத்தானே இத்தனை பாடு என்று விட்டுவிட்டேன்.

புது இடத்தில் பக்கத்து அறைக்காரம்மா சாமான் இறக்க உதவினாள். கட்டிலைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், சொந்தக் கடை இருக்கிறது என்று இவர் சொன்னதும் கண்ணை விரித்தாள்.

"அப்ப இந்தத் தெருவுலயே உங்களுக்குத்தான் வருமானம் ஜாஸ்தி!"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. முதலிடம்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஃபேனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.

"கடையெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றேன். "நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டவங்க."