கரண்டி விழும் சத்தம்

ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடி வால்வு ஆறும்வரை வல்லிபுரம் அதைத் தொடமாட்டார். ஆறிய பிறகு கைக்குட்டையால் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, மேலே எடுப்பார். அடுத்த வால்வின் ஊசிக்கால்களைத் துளைகளுக்கு நேரே வைத்து அழுத்துவார். சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் இழை சிவக்கத் தொடங்கும். அது நன்றாகச் சூடேறும்வரை இருவரும் பேசுவதில்லை.

அவர் மனைவி பூமணி மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். தலையில் ஹெட்போன். எந்த வால்வு உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. அவள் கேட்டு முடித்து, முதலில் போட்டதா, இரண்டாவதா என்று சொன்ன பிறகுதான் அவர் வால்வின் பெயரைச் சொல்வார்.

போடுவது எப்போதும் ஒரே கேசட். அதில் இருப்பது அவர்கள் மகள் குணபூசணியின் பேச்சு.

குணா பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். இருபத்திரண்டு வயது. டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அவள் கட்டில் மட்டும் அப்படியே இருந்தது. மற்றவற்றை பூமணியின் தங்கை புஷ்பவல்லி கிள்ளானிலிருந்து வந்து ஒழுங்கு செய்துவிட்டுப் போனாள்.

குணா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் வல்லிபுரம் புதிய கேசட் டெக் வாங்கியிருந்தார். கூடவே ஒரு மைக்கும். மைக்கைச் சோதிக்க மகளை உட்காரவைத்து ஏதாவது பேசச் சொன்னார். அவள் பேப்பரை எடுத்து வாசித்தாள், சிரித்தாள். கடைசியில் சமையலறையில் பூமணியின் கையிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டி சிமெண்டுத் தரையில் விழுந்தது. “அம்மா, மெதுவா லா. ரெக்கார்ட் ஆகுது.” உள்ளேயிருந்து பூமணி, “ஆகட்டும்,” என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் கேசட். மிச்சம் வெற்று நாடா.

ஆம்ப்ளிஃபையர் அவரே செய்தது. பழைய ரேடியோ ஒன்றின் அலுமினியத் தட்டில் வால்வுகளை ஏற்றி, ஹெட்போனுக்கென்று அமைத்திருந்தார். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். ஹெட்போன் ஒன்றுதான். ஒருவர் கேட்கும்போது மற்றவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவர் வேலை தொலைபேசி இலாகாவில், எக்ஸ்சேஞ்சில். அங்கே வரிசை வரிசையாக நிற்கும் இயந்திரங்களுக்குள் ஒரு திருகாணி தவறி விழுந்தால் பல வீடுகளின் தொலைபேசி ஊமையாகிவிடும். அதனால் அங்கிருப்பவர்கள் ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஸ்பீக்கர் காந்தத்தில் தேய்த்து வைத்திருப்பார்கள். திருகாணி நுனியில் ஒட்டிக்கொள்ளும், கீழே விழாது. வல்லிபுரம் தேய்ப்பது கொஞ்சம் அதிகம். அவர் பக்கத்தில் போனால் வேட்டியில் குத்திய ஊசிகூட அவர் சட்டைப்பைக்குத் தாவிவிடும் என்று கூட வேலை செய்யும் நாகையா கேலி செய்வார். அந்தச் சின்ன ஸ்க்ரூட்ரைவர் எப்போதும் அவர் பையில் இருக்கும். வீட்டுக்கும் அதோடுதான் வருவார்.

குணாவின் இறுதிச் சடங்கு முடிந்து உறவினர் கலைந்த பிறகு அவர் முதலில் செய்த காரியம், டெக்கின் மூடியைத் திறந்து ஹெட்டைச் சரிசெய்தது. நாடா உரசிக்கொண்டு போகும் சின்ன உலோகத் துண்டு அது. குரலை எடுப்பது அதுதான். அது இம்மி சாய்ந்திருந்தாலும் குரல் மங்கும். பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, பக்கத்திலிருந்த திருகாணியைத் துளித்துளியாகத் திருப்பி, குரல் நேராக நிற்கும் இடத்தில் விட்டார். அன்றைக்குக் கேட்டதுபோல் அது பிறகு எப்போதும் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிய பூமணி திரும்பி அறையின் கதவைப் பார்த்தாள். பிறகு கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருந்தபோது புஷ்பவல்லி அந்தக் கேசட்டைத் தனக்கு ஒரு காப்பி எடுத்துத் தரச் சொன்னாள். கிள்ளானில் அவள் வீட்டில்தான் குணா பள்ளி விடுமுறைகளைக் கழித்திருக்கிறாள். வல்லிபுரம் மறுத்தார். காப்பி எடுத்தால் கூர்மை போய்விடும், அது குணாவாக இருக்காது என்றார்.

“எனக்கு மழுங்கின குணாவே போதும் அத்தான்,” என்றாள் புஷ்பவல்லி.

அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

துக்க வீடு. ஓராண்டு நிறைந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை பாட்டு கூடாது. ரேடியோவின் மேல் துணி போட்டு மூடியாயிற்று. மற்ற கேசட்டுகள் ஒரு பெட்டிக்குள் போய் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. குணாவின் கேசட் மட்டும் வெளியே இருந்தது. அது பேச்சுதானே, பாட்டில்லையே என்று பூமணி சொல்லியிருந்தாள்.

மாலையில் விளக்கேற்றிய பிறகு அவள் மேசைக்கு வருவாள். கேட்டு முடித்ததும், “இன்னொரு தடவை,” என்பாள். அவர் நாடாவைப் பின்னுக்கு ஓட்டிக் கொடுப்பார்.

ஒருநாள் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“குணா அப்பா, இது நம்ம கரண்டி இல்ல.”

“எது?”

“சத்தம். நம்ம கரண்டி இப்படி விழாது.”

அவர் வாங்கிக் கேட்டார். அவள் சொன்னது சரி. விழுந்த கரண்டியின் கணீர்ச் சத்தத்தில் முனை மழுங்கியிருந்தது. குணாவின் பேச்சிலும் ‘ஸ’ வரும் இடங்கள் மொழுக்கென்று இருந்தன. வால்வுக்கு வயதாகிவிட்டது என்றார். வால்வு அப்படித்தான், நாளாக நாளாகச் சோரும்.

பாசார் ரோட்டுக்குப் போய் இங்கிலாந்து வால்வு ஒன்று வாங்கி வந்தார். பிறகு ஜெர்மன் வால்வு ஒன்று. செராஸில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு ஜோடி கிடைத்தது. கிள்ளானில் புஷ்பவல்லியின் மாமனார் காலத்து ரேடியோவையும் திறந்து பார்த்து, உள்ளே இருந்ததைக் கேட்டு வாங்கினார். ஒன்றில் குரல் தடித்தது. ஒன்றில் மெலிந்தது. புதிதாக ஒன்றைப் போட்டதும் இருவருக்கும் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருக்கும். சில வாரங்களில் அதுவும் மங்கும். அவர் அடுத்ததைத் தேடிப் போவார்.

ஒப்பிடுவது எளிதாக இருக்கட்டும் என்று பூமணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறையில் நிற்பாள். அவர் ஒரு காதில் ஹெட்போனும் ஒரு காது திறந்துமாக இருப்பார். நாடாவில் கரண்டி விழுந்ததும் கையைக் காட்டுவார். அவள் கையிலிருப்பதைத் தரையில் போடுவாள். வால்வை மாற்றி, நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, மறுபடியும். இப்படிச் சில மாலைகள் முழுக்கக் கரண்டி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பவுனம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, பூமணிக்குக் கை நடுக்கமா, டாக்டரிடம் காட்டினாளா என்று கேட்டாள்.

எந்த வால்விலும் நாடாவின் கரண்டி தரையின் கரண்டியை எட்டவில்லை.

ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்து செய்துவைத்தார். வந்தவர்கள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் கிளம்பினார்கள். புஷ்பவல்லி மட்டும் கிள்ளான் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்தாள். ரேடியோவின் மேலிருந்த துணியை எடுத்து உதறி மடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பக்திப் பாடல் கேசட்டை எடுத்தாள்.

“போதும் அக்கா. இனிமேலாவது இந்த வீட்ல ஏதாவது கேக்கட்டும்.”

டெக்கிலிருந்த குணாவின் கேசட்டைத் தானே எடுத்து உறையில் வைத்தாள். தன்னுடையதைப் போட்டு, ஹெட்போனை வல்லிபுரத்திடம் நீட்டினாள். “கேளுங்க அத்தான். நல்லா இல்லைன்னா என் தலையில போடாதீங்க, கடைக்காரன் தலையில போடுங்க.”

அவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் தாளம் வந்தது. சின்ன வெண்கலத் தாளம். ஒவ்வொரு தட்டும் ஊசிபோல் வந்து காதில் நின்று, பிறகு மெல்லக் கரைந்தது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆம்ப்ளிஃபையரில் இருந்தது, செத்துப்போன வால்வு என்று பூமணி முந்தின வாரம் சொன்னது.

அவர் இன்னொரு வால்வைப் போட்டுப் பார்த்தார். தாளம் அப்படியே இருந்தது. இன்னொன்றைப் போட்டார். அப்படியேதான்.

“எப்படி?” என்றாள் புஷ்பவல்லி.

“நல்லா இருக்கு,” என்றார்.

அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து டெக்கின் மூடியைத் திறந்தார். பூமணியின் தையல் ஊசி ஒன்றை நூலில் கட்டி ஹெட்டின் முன்னால் தொங்கவிட்டார். ஊசி சாய்ந்து ஹெட்டை நோக்கி நின்றது. கையை விலக்கினார். மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் சாய்ந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஹெட்டில் காந்தம் ஏறினால் நாடா போகும்போதெல்லாம் பதிவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். நுண்ணிய சத்தங்கள் முதலில் போகும். அது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. புஷ்பவல்லியின் கேசட் அந்த ஹெட்டின் மேல் இப்போதுதான் முதல்முறையாக ஓடியிருக்கிறது. இடையில் வேறு ஒரு கேசட்டைப் போட்டிருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும். துக்க வீட்டில் வேறு கேசட் போடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பாசார் ரோட்டுக்குப் போனார். காந்தத்தை எடுக்கும் கருவி வேண்டும் என்றார். இன்றைக்கு வால்வு வேண்டாமா, பின்னால் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறதே என்று கடைக்காரர் மலாயில் கேட்டுச் சிரித்தார். வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து கருவியை ஹெட்டுக்கு அருகே கொண்டுபோய், மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஊசியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது நேராகத் தொங்கியது.

பூமணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் நின்று சொன்னார். வால்வில் கோளாறில்லை என்றார். ஸ்க்ரூட்ரைவரைக் காட்டினார். ஹெட்டைச் சரிசெய்த நாளையும் சொன்னார். அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

“ஓட ஓட அழிஞ்சிச்சா?”

“ஆமா.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஆமா.”

“நான் இன்னொரு தடவைன்னு கேட்டப்பெல்லாம்?”

“நான் செஞ்சது, பூமணி. என் பையில இருந்த சாமான்.”

“கேட்டது நான்தானே.”

வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றார்கள். திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். இனிமேல் அழியாது, அழிந்தது வராது என்றார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நீண்ட நேரம் துடைத்தாள்.

“அவ என்ன வாசிக்கிறா?”

“எதுல?”

“கேசட்ல. பேப்பர எடுத்து வாசிக்கிறாளே. என்ன வாசிக்கிறா, சொல்லுங்க.”

‘ஸ’ எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். பேப்பர் திரும்பும் சரசரப்பு எந்த இடத்தில், கரண்டி எந்த இடத்தில் என்று டெக்கில் நகரும் எண்களைப் பார்க்காமலே சொல்வார். என்ன வாசித்தாள் என்பது மட்டும் வரவில்லை.

“சுங்கை பூலோவுல வீடு வாடகைக்கு,” என்றாள் பூமணி. “மூணு ரூம். பின்னால மாமரம் இருக்காம். நீங்க ரிட்டையர் ஆனதும் அங்க போயிடலாமான்னு கேக்கிறா. மாங்காய்க்கு அம்மா சண்டை பிடிப்பாங்களாம், நீங்க வேலி கட்டணுமாம். எல்லாம் உங்களப் பாத்துத்தான் பேசறா.”

அவள் முன்னால் நடந்தாள். நாற்காலியை இழுத்து மேசைக்கு முதுகாகப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். ஹெட்போனை அவள் மாட்டிவிட்டாள். எந்த வால்வு போட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் நினைவில்லை. பட்டன் அழுந்தும் சத்தம் கேட்டது.

குணா வெகு தூரத்தில் பேசினாள், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல். வீடு வந்தது, மூன்று அறைகள் வந்தன. மாமரம் வந்தது. வேலியைச் சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு பேப்பரை மடித்தாள்.

“அப்பா, கேக்குதா?”

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “அப்பா. நல்லா கேக்குதா?”

பதிவு செய்த அன்று அவர் இதே ஹெட்போனோடு உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அது நாடாவில் இல்லை. அவள் கேட்டதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான் இருந்தது. அது ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு கரண்டி விழுந்தது, ஈரத் துணியின் மேல் விழுந்ததுபோல.

கடைசிச் சிரிப்பும் போய், நாடா நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“இன்னொரு தடவை,” என்றார், ஹெட்போன் போட்டவர்கள் பேசுவதுபோல உரக்க.

பூமணி உடனே பட்டனை அழுத்தவில்லை.