ஐந்து நட்சத்திரம் போட்டது நான்தான்

1

ஒரு காபிக்கடைக்கு நான் போட்ட ஐந்து நட்சத்திரத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்கிற தெம்பு என்னிடம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராட்டித்தான் எழுதினேன். அந்தப் பாராட்டினால் இப்போது ஒரு பெண்ணின்

(இந்த வாக்கியத்தை நாலு தடவை முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அழித்துவிடுகிறேன். அப்படியே கிடக்கட்டும்.)

முதலில் வேறு மாதிரிதான் ஆரம்பித்திருந்தேன். 'கடமலைக்குண்டிலிருந்து வந்த மழை, தேனிக்குள் நுழைவதற்குள் தூறலாகிவிட்டது' என்று ஒரு வரி. நல்ல வரிதான். ஆனால் நல்ல வரி எழுதுகிற ஆசைதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது. அடித்துவிட்டேன்.

ஊரைத் தேனி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் பெயர் கிடையாது. கடைக்கார அம்மாவுக்கு ஜெனிபர் என்றும், காபி போடுகிற பெண்ணுக்குக் கயல் என்றும் பெயர் வைத்திருக்கிறேன். கயலின் கணவனுக்குப் பெயரே வைக்கப்போவதில்லை. எங்கள் பக்கம் பெயரைச் சொன்னால் தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2

நான் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன். வருசநாட்டுத் தென்னந்தோப்பிலிருந்து சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம் வரைக்கும் என் ஏரியா. வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். சிறுபத்திரிகையில் வரும். படித்ததாக இதுவரை சொன்னவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

ஆனால் போன் மேப்பில் நான் எழுதும் ரிவியூவுக்கு வாசகர்கள் உண்டு. போகிற ஊரில் எல்லாம் காபி குடித்து, கடையைப் பற்றி நாலு வரி எழுதுவேன். 'உங்கள் கருத்தை எட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்' என்று மாதம் ஒருமுறை செய்தி வரும். உச்சி குளிர்ந்துபோகும். அதை மனைவியிடம் காட்டுவேன். "கதைக்கு எத்தன பேருங்க?" என்பாள். (அவளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியட்டும் என்றுதான் கூட்டிவந்தேன்.)

அந்தக் கடைக்குள் நுழைவதற்கு முன் மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'காபி சூப்பர்.' 'சீனி தூக்கல்.' 'பைக் நிறுத்த இடம் இல்லை.' 'மேகமலைக் காபிக்கொட்டையாம், நம்ப முடியவில்லை, ஆனால் ருசி இருக்கு.' ஒருவர் ரெண்டு நட்சத்திரம் போட்டு, 'ஓனரம்மா சிரிக்கவே மாட்டேன்கிறார். யார் உள்ளே வந்தாலும் போலீஸ்காரர் மாதிரி பார்க்கிறார்' என்று எழுதியிருந்தார்.

அந்த அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கதைக்காரன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். யோசிக்கவில்லை.

3

சின்னக் கடை. நாலு மேசை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் மூன்று திண்டு. உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, உள்ளே இலவம் பஞ்சு. அமுக்கிப் பார்த்தேன். ஒரு கொட்டைகூடத் தட்டுப்படவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இலவங்காயை உடைத்துப் பஞ்சை அடித்தால் கொட்டை உதிரும். எல்லாம் உதிராது. மிச்சத்தைக் கையால் துழாவி எடுக்கப் பொறுமை வேண்டும், பழக்கம் வேண்டும். வருசநாட்டு மலையடிவாரத்தில் பஞ்சோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கைவந்த வேலை.

"திண்டு யாரும்மா தச்சது?"

"நாந்தாண்ணே."

"எந்த ஊரு?"

எங்கள் பக்கம் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்போம். எந்த ஊரு, யாரு மகன், எந்தத் தெரு. அதில் எங்களுக்கு ஒரு தப்பும் தெரிவதில்லை.

"சுருளிப்பட்டிண்ணே."

"சும்மா சொல்லாத. இது கடமலைக்குண்டுக் கை. சுருளிப்பட்டியில ஏது இலவம்பஞ்சு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் நான் சிரித்தேன். அவளுடைய முகத்தை

(அவளுடைய முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத வேண்டிய இடம் இது. நான் பார்க்கவில்லை. திண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

4

நான் எழுதியது இது:

'காபிக்காகவும் போகலாம், திண்டுக்காகவும் போகலாம். காபி போடும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், இடது புருவத்தில் தழும்பு. சுருளிப்பட்டி என்கிறாள். நம்பாதீர்கள். பஞ்சில் ஒரு கொட்டை இல்லாமல் துழாவத் தெரிந்த கை கடமலைக்குண்டில்தான் வளர்ந்திருக்கும். என்னிடமா மறைக்க முடியும்? ஐந்து நட்சத்திரம்.'

தழும்பு எந்த இடத்தில் என்பதை இங்கே மாற்றியிருக்கிறேன். வயதையும்தான். இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

பத்து நாளில் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அதற்குக் கீழே புதிதாக ஒரு ரிவியூ வந்தது. 'டி.பி.' என்று பெயர். ஐந்து நட்சத்திரம். எழுத்து ஒன்றுகூட இல்லை, மூன்று போட்டோ மட்டும். பெஞ்சில் இருந்த திண்டு. கடை போர்டு. கடைக்குப் பின்னால் சந்தும் அதில் ஒரு இரும்புக் கதவும்.

என்னைப் படித்துவிட்டுத் திண்டைப் பார்க்கப் போயிருக்கிறார் ஒரு ரசிகர் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

5

மறுபடி கடைக்குப் போனபோது திண்டுகள் இல்லை. கயலும் இல்லை. ஜெனிபர் என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அத எழுதுனது நீங்கதான சார்?"

"ஆமாம்மா. நல்லாத்தான..."

"ரெண்டு வருசமா அந்தப் பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கேன். அதுவா விரும்பி, வேற சாதிப் பையனக் கட்டிக்கிருச்சு. வீட்டுல தேடுறாக. போன் கிடையாது அதுக்கு, போட்டோ எடுக்க விடுறதில்ல, ஊரக் கேட்டா மாத்திச் சொல்லணும்னு படிச்சுப் படிச்சுக் குடுத்துருக்கேன். நீங்க ஒரு காபியக் குடிச்சுட்டு எல்லாத்தையும் எழுதிப் போட்டீக."

உட்கார இடம் தேடினேன். ஜெனிபர் உட்காரச் சொல்லவில்லை.

"பின்வாசலப் போட்டோ எடுத்துருக்கான் பாத்தீகளா? காபி குடிக்க வர்றவன் பின்வாசல எதுக்கு எடுக்குறான்?"

நான் எழுதியதை அங்கேயே அழித்தேன். கை வழுக்கி ரெண்டு தடவை தப்பாக அமுக்கினேன். பிறகு ஜெனிபரே ஒரு யோசனை சொன்னார். "நீங்க கத எழுதுறவுகதான? பிள்ள இங்கன இல்லேன்னு எழுதுங்க. நம்புற மாதிரி எழுதுங்க."

அன்று மாலைவரை உட்கார்ந்து பதினோரு தடவை திருத்தி எழுதினேன். 'ஒரு நட்சத்திரம். முன்பு காபி போட்ட பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். இப்போது காபி வாயில் வைக்க முடியவில்லை. ஏமாற்றம்.' ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டிய கதை. என் ஆயுளில் ஒழுங்காக எழுதியே ஆக வேண்டியிருந்த ஒரே கதை.

6

நேற்று, வெள்ளிக்கிழமை மதியம், கடமலைக்குண்டில் ஒரு தோப்பில் குழாய் அளந்துகொண்டிருந்தேன். பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தங்கப்பாண்டியன் என்றார். நானாக வைத்த பெயர் இல்லை, அவர் சொன்னதுதான். டி.பி. யார் என்று அப்போது புரிந்தது. கயலின் அண்ணன்.

இனி வருவதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்தக் கதையில் அப்படிச் சொல்லத்தக்க இடம் இது ஒன்றுதான்.

"வணக்கம் சார். மேப்புல எழுதுறவுக நீங்கதான? அதுல ஒங்க போட்டோ இருந்துச்சு, விசாரிச்சு வந்தேன். ஒங்க எழுத்து நல்லாருக்கு சார். வீட்டுல அம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். பஞ்சுல ஒரு கொட்டை இல்லேன்னு வந்துச்சு பாருங்க, அந்த எடத்துல நிறுத்தச் சொல்லிட்டாக. ரொம்ப நேரம் அழுதாக."

நான் அளவு டேப்பைச் சுருட்டினேன்.

"ஆனா ரெண்டாவதா ஒன்னு எழுதிருக்கீகளே, அது சரியில்ல சார். அதுல உசுரு இல்ல. திருப்பூருக்குப் போயிருச்சுங்குறீக. எந்த பஸ்ல போச்சு, கையில என்ன பை, ஒன்னுமில்ல. நீங்க அப்படி எழுதுற ஆளு கெடையாதே. பாத்துருந்தா எழுதாம விடமாட்டீக. பிள்ள இங்கனதான் இருக்கு."

இருபது வருடத்தில் என் எழுத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் அதைக் கேட்கச் சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

"பயப்படாதீக சார். சண்டைக்கு வரல. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு அம்மாவ அந்தக் கடைக்குக் கூட்டிட்டு வாரேன். அம்மாவுக்கு ஒருக்கா பாக்கணும், அவ்வளவுதான். நீங்க சொன்னா அந்தப் பிள்ள நம்பும். வரச் சொல்லுங்க."

"வேற யாரும் வருவாங்களா?"

"சித்தப்பா கார் ஓட்டிட்டு வருவாரு. எனக்கு கார் ஓட்ட வராது."

போகும்போது ஒரு பையைக் கொடுத்தார். பத்துத் தேங்காய், உரித்தது. "அம்மா குடுத்துவிட்டாக." கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. தோப்பில் புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார். கயல் உள்ளேயிருந்து வருகிறாள். ரெண்டு பேரும் கட்டிக்கொள்கிறார்கள். சித்தப்பா காரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஜெனிபர் அவருக்கும் ஒரு காபி கொடுத்தனுப்புகிறார். இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவது முடிவு: கயல் வெளியே வருகிறாள். காரில் அம்மா இல்லை. பின்வாசல் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்

(மாட்டேன்.)

மூன்றாவது: கயல் வரவில்லை. அந்த அம்மா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் அந்த அம்மா இறந்துபோனதாகத் தகவல் வருகிறது. கயல் அதற்கப்புறம் என்னோடும் ஜெனிபரோடும் பேசுவதே இல்லை.

இந்த மூன்றில் எது நடக்கும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு திண்டை அமுக்கிப் பார்த்து ஒருத்தியின் ஊரைச் சொன்னவன் நான். கால் மணி நேரம் முகத்துக்கு எதிரே நின்ற ஒரு மனிதனுக்கு என்ன மனசு என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீலைப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை வரச் சொன்னார். கயலின் கணவன் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாகக் கேரளா போயிருக்கிறான். அவன் திரும்புவதும் திங்கட்கிழமைதான்.

8

இன்று சனிக்கிழமை. தங்கப்பாண்டியன் வந்து சொன்னதை நேற்றே ஜெனிபருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். பதினொன்றரை மணிக்கு ஜெனிபர் போனிலிருந்து கயல் பேசினாள்.

"அண்ணே, நாங் கெளம்பி வேற ஊருக்குப் போயிருவேன். ஜெனிபரக்கா அதான் சொல்றாக. ஆனா அம்மாவப் பாத்து ரெண்டு வருசமாச்சுண்ணே. நெசமாவே வந்தாகன்னா?"

"தெரியலம்மா."

"நீங்க நேர்ல பாத்தீகள்ல. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அண்ணன் எங்கிட்டக் கோவமா இருந்தா எம் பேரச் சொல்லாது. சின்னதுலேருந்தே அப்படித்தான். கோவம் போனாத்தான் பேரு வாயில வரும். அண்ணன் எம் பேரச் சொல்லுச்சா?"

டவர் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். டவர் முழுசாக இருந்தது.

ஆறாம் பகுதியைத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நான் இருபது தடவை பார்த்துவிட்டேன். பிள்ள என்கிறார், அந்தப் பிள்ள என்கிறார். பெயர் ஒரு இடத்திலும் இல்லை. கோபமாக இருக்கலாம். தெரியாத ஆளிடம் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லக் கூசியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அவள் இன்றே போய்விடுவாள், நாளை வருகிறவர் வெறும் அம்மாவாகவே இருந்தாலும். சொன்னார் என்று பொய் சொன்னால் நாளை பதினோரு மணிக்கு அவள் கடையில் இருப்பாள், காரில் யார் வந்தாலும். எழுதத் தெரிந்தவனுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதை உயிரோடு சொல்லவும் என்னால் முடியும், இந்தத் தடவை ஏமாற்ற வேண்டியது தங்கப்பாண்டியனை இல்லை, கயலை.

போன் மறுபடி அடிக்கிறது. ஜெனிபர் நம்பர். கயல்தான்.

நான் எடுக்கப்போவதில்லை. அவர் பேசியது மொத்தமும் உங்களிடம் இருக்கிறது. அவள் கேட்கப்போவதும் அந்த ஒரு கேள்வியைத்தான். நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.