தோல்: தங்கை

வெள்ளிக்கிழமைக்குள் பாழி உருவாகவில்லை என்றால் அக்காவின் வேலை போய்விடும். கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் பாத்திரங்களை வரைவது அவள் வேலை. ஆள் விட்டுப்போன கட்டடங்களில் குடியேறும் இயற்கை ஆவிக்குப் பாழி என்று பெயர் வைத்ததோடு சரி, உருவம் மட்டும் பிடிபடவேயில்லை. மூன்று முறை கொண்டுபோய்க் காட்டினாள். மூன்று முறையும் தலைமை ஓவியர் உதட்டைப் பிதுக்கினார். மரத்துக்குக் கைகால் ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறதாம். பார்த்ததும் குமட்ட வேண்டுமாம், கண்ணை எடுக்கவும் முடியக்கூடாதாம். மனுஷனுக்கு ஆசைக்கு அளவே கிடையாது.

பூட்டிக் கிடந்த ஒரு பழைய அச்சகத்துக்குள் புகுந்து இருநூறு படம் எடுத்துவந்தாள். கூரையைப் பிளந்த வேர், தொட்டியில் பாசி, காரை பெயர்ந்த சுவர். எல்லாம் இருந்தது, உயிர்தான் இல்லை.

வியாழன் மதியம் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருவர் மட்டுமே இருக்கும் வீடு. பத்தொன்பது வயதில் உடம்பில் வெண்திட்டுகள் வந்ததிலிருந்து அவளுக்கு வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டைதான். கழுத்துப் பொத்தானைக்கூடத் திறந்துவிட மாட்டாள். அன்று தண்ணீர் தெறித்ததில் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அக்காவுக்குப் பொறி தட்டியது. அக்காவாகப் பார்த்திருக்க வேண்டியதை ஓவியராக நின்று பார்த்தாள், பாவி.

அன்று சாயங்காலத்துக்குள் பாழி முடிந்தது. காரை உதிர்ந்த சுவர் மாதிரி தோல், திட்டுகளின் ஓரமெல்லாம் பாசி, யாராவது பார்த்தால் கழுத்தைப் பொத்திக்கொள்ளும் கை. மறுநாள் காலை தலைமை ஓவியர் பிரமாதம் என்றார். வேலை தப்பியது என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில்தான் அவர் ஓரக்குறிப்பைப் படித்தார். எதைப் பார்த்து வரைந்தோம் என்று ஓரத்தில் எழுதிவைப்பது அங்கே எல்லா ஓவியருக்கும் கைப்பழக்கம். வேர்: அச்சகத்துப் பின்சுவர். பாசி: தண்ணீர்த் தொட்டி. தோல்: தங்கை. அவள் கையே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. உயிரோடு இருப்பவரைப் பார்த்து வரைந்தால் அந்தப் படத்தாளிலேயே அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும், மாலைக்குள் வராவிட்டால் படமும் இல்லை, வேலையும் இல்லை என்றார்.

மதியமே வீட்டுக்கு ஓடிவந்தாள். உன்னை வைத்து ஒரு வனதேவதை வரைந்திருக்கிறேன் என்று தங்கையிடம் கூசாமல் புளுகினாள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி தாளை மடித்து நீட்டினாள்.

யாரிடம் போய் மடித்து நீட்டுகிறாள் பாருங்கள். அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள் தங்கை. படிக்காமல் எதிலும் பேனா வைக்க மாட்டாள். தாளை விரித்தாள். ‘பாழி: ஆள் விட்டுப்போன கட்டடத்தில் வளரும் ஆவி. பார்ப்பவருக்கு அருவறுப்பு தரும். தொட்டால் நோய் ஒட்டும். சுரண்டி அழிக்க வேண்டும்.’ கீழே படம் இருந்தது. அதையும் பார்த்தாள்.

திட்டுவாள், அழுவாள், தாளை மூஞ்சியில் எறிவாள் என்று அக்கா காத்திருந்தாள். எறிந்தால் தேவலை என்றிருந்தது.

"நீயா எழுதின?"

"ஆமா."

"அருவருப்புக்குச் சின்ன ரு வரும்க்கா. பெரிய று போட்டிருக்க."

சிவப்புப் பேனாவால் அந்த எழுத்தைத் திருத்தினாள். அதே பேனாவால் கீழே கையெழுத்தும் போட்டாள். பிறகு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். இரண்டு சட்டைக் கைகளையும் தோள்வரை சுருட்டினாள். பதினொரு வருஷமாக அக்காகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நெனப்புல வரைஞ்சா தப்பு வரும். பாத்தே வரை."

அக்கா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது, அதில் பொய்யில்லை. ஆனால் தங்கையின் கழுத்துக்குழியில் ஒரு பெரிய திட்டு இருந்தது. படத்துக்கு அது ரொம்பப் பொருந்தும் என்று தோன்றிவிட்டது.

பென்சிலை எடுத்தாள்.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பு" என்றாள்.