கரிச்சான் விடாத சுவர்

“உங்க பூனைதான் அண்ணி மரத்துல ஏறிச்சு…”

“ஏறினா என்ன, மரம் உன் பேர்லயா இருக்கு?”

“பாதி மரம் என் பேர்லதான்.”

“அப்ப உன் பாதிக் குருவிகிட்ட சொல்லிவை, என் முழுப் பூனைய மொட்டையடிக்க வேணாம்னு.”

பூனை மொட்டையாகத்தான் இருந்தது. கழுத்திலிருந்து வால் நுனிவரை ஒரு ரோமம் இல்லை. கொய்யா மரத்துக் கரிச்சான் குருவி இருபத்திரண்டு நாளில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூட்டுக்குள் மெத்தை போட்டிருந்தது. அதில் பொரித்த மூன்று குஞ்சுகளுக்கும் இறகுக்குப் பதில் ரோமம் முளைத்தது. பூனையின் அதே சாம்பல், அதே வெள்ளைப் பட்டை. பாதி மரத்துக்காரியான தையல்காரி ஏணி வைத்து ஏறிப் பார்த்து உறுதிசெய்தாள். இறங்குவதற்குள் கொண்டையில் நாலு கொத்து வாங்கினாள்.

அவள் பின்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள். அண்ணி ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள். நடுவிலிருந்த அண்ணன் இறந்து இரண்டு வருடம். வீட்டை ஆளுக்குப் பாதியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் இருந்தவரை இருவரும் அவர் வழியாகச் சண்டை போட்டார்கள். இப்போது நேராகவே போட வேண்டியிருந்தது.

அன்றைய கோபத்தில் தையல்காரி கொல்லையை இஞ்ச் டேப்பால் அளந்து, துணிக்கு அடையாளம் போடும் சுண்ணக்கட்டியால் நடுவே கோடு கிழித்தாள். கொத்தனாரை வரச்சொன்னாள். செங்கல் வந்து இறங்கியது. அண்ணி சத்தமே போடவில்லை. “கட்டிக்கோ. கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். சுவர் எழும்பிட்டா நான் எதுக்கு இங்க?” என்றாள். தையல்காரி இதை நினைத்துப் பார்க்கவில்லை. அன்று தைத்த ஏழு சட்டைக்கும் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டையைப் பிரித்துத் தைப்பாளே தவிர, சொன்ன சொல்லைப் பிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

திங்கட்கிழமை கொத்தனார் நூல் கட்டினார். குருவி நூலை அறுத்தது, அவர் தொப்பியைத் தூக்கிப்போய்ப் பக்கத்துக் கூரையில் போட்டது. குருவிக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. மரத்தைச் சுற்றி நாற்பதடி தனக்குச் சொந்தம் என்பது மட்டும் தெரியும். கொத்தனார் விவரமான ஆள். “குஞ்சு பறந்து போகட்டும்மா. அடுத்த திங்கக்கிழமை வர்றேன்” என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

குஞ்சுகள் பறக்கவில்லை. ரோமத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பறக்கும்? ஒன்பதாம் நாள் பூனை மரமேறி, மோந்து பார்த்து, தன் வாசம்தான் என்று தெரிந்து, ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்விக் கீழே கொண்டுவந்து செங்கல் அடுக்கின்மேல் வைத்து நக்கிக்கொடுத்தது. குருவி துணிக்கொடியில் உட்கார்ந்து பார்த்தது. பாயவில்லை. அதன்பின் பூச்சி கொண்டுவருவது குருவியின் வேலை, சூடு கொடுப்பது பூனையின் வேலை என்று ஆயிற்று. பூனைக்குக் குளிருமே என்று தையல்காரி சீருடைத் துண்டில் ஒரு சட்டை தைத்தாள். அண்ணி போட்டுவிட்டாள்.

“பொத்தான முதுகுல வச்சிருக்கலாம்.”

“வச்சா குருவி பிடுங்கும் அண்ணி.”

கொத்தனார் திங்கள்தோறும் வந்தார். குருவி விரட்டியது. டீ குடித்தார், போனார். முதல் மழையில் கோடு அழிந்தது. கடைக்குப் பக்கத்து அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். குஞ்சுகள் உள்ளங்கை அளவோடு நின்று, சாயங்காலமானால் பூனையைப் போலவே குர்குர் என்றன. செங்கல்லில் பாசி ஏறியது. கொத்தனாருக்கு மீசை நரைத்தது. ஆறு வருடம் இப்படியே போயிற்று.

ஏழாம் வருடம் ஒரு திங்கட்கிழமை குருவி கிளையை விட்டு இறங்கவில்லை. அதற்கும் வயதாகிவிட்டது. கொத்தனார் ஒரு முளை அடித்தார், மேலே பார்த்தார். இன்னொன்று அடித்தார், பார்த்தார்.

“குருவி ஒண்ணும் சொல்லலம்மா. நூலக் கட்டிரவா?”

தையல்காரி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினாள். கை கொண்டமட்டும் வீசிப் பக்கத்துக் கூரையில் எறிந்தாள். பிறகு மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

அண்ணி டீயை எடுத்துவந்து கொத்தனார் கையில் கொடுத்தாள்.

“அடுத்த திங்கக்கிழமையும் வந்துருவீங்கள்ல?”