பாசியில் பிறந்த மாப்பிள்ளை

என் அக்காள் மகள் தமயந்தி ஒரு நெடுங்கால் ஈயைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது, அத்தான் கனகசபை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன இனம்?" நியாயமான கேள்வி. எங்கள் மலையில் மட்டும் இவர்களில் ஏகப்பட்ட இனம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் சோறு தண்ணியில்லாமல் வளர்ந்த கொசு மாதிரிதான் இருப்பார்கள்.

மலைப் பூச்சிகளை இனம் பிரிப்பது என் உத்தியோகம். அதனால் மாப்பிள்ளையை என்னிடம் கூட்டி வந்தார்கள். பிடித்தால் காலைக் கழற்றி விட்டுவிட்டுப் போகிற வம்சம் என்பதால் யாரும் அவரைத் தொடவில்லை; அவராகவே ஜன்னல் கண்ணாடியில் அடக்கமாக உட்கார்ந்தார். அதிகம் பேசாத பையன் என்று அக்காளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரே தொந்தரவு, சிறகு முளைத்தபின் இவர்கள் உயிரோடு இருப்பது சில நாள்தான். அதில் பாதியை நல்ல நேரம் பார்க்கிறேன் என்று அத்தானே தின்றுவிட்டார். தமயந்திக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சேத்துல பொறந்தவனா, பாசியில பொறந்தவனா, அதப் பாரு மச்சான்" என்றார் அத்தான். சேற்றில் பிறந்தவர்களோடு அவர் குடும்பம் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை.

லென்ஸ் வைத்து இறகு நரம்புகளைப் பார்த்தேன். சோலைக்காட்டு ஓடையோரத்துப் பாசிக்காரர்தான். ஆனால் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல ஆணின் பின்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். பெண்களைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அத்தான் மட்டும், "நாளைக்கு ஏதாச்சும்னா நான்தானே பதில் சொல்லணும்" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

அப்படிப்பட்ட பின்பக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம். பெயர் வைத்தால்தான் பத்திரிகை அடிக்க முடியும்.

"என் பேர வையி" என்றார் அத்தான்.

"உங்க பேர வச்சா அவன் பங்காளி ஆயிருவான். இவளுக்கு அண்ணன் முறையில்ல வரும்" என்றாள் அக்காள்.

"வச்சா என் பேருதான். அப்ப கல்யாணம் ஆகாது" என்றார் அத்தான். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு டீ வேண்டும் என்று வேறு கேட்டார். மனுஷன் முதலிலிருந்தே இதற்குத்தான் அடிபோட்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணாடியில் மாப்பிள்ளை ஒருபக்கமாகச் சாயத் தொடங்கினார். தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கண்டுபிடிச்சவங்கதானே பேர் வைக்கணும்?"

அதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். என் பெயரையே வைத்தேன். சங்கிலிமுத்து நெடுங்கால் ஈ. வைத்த பெயரை எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது. அந்த நொடியில் அவர் என் மகனாகிவிட்டார். தாய்மாமன் மகன் என்றால் தமயந்திக்கு உரிமையுள்ள முறைப்பையன். அத்தான் டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

அன்று சாயங்காலமே முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா என்பதால் மண்டப வாசலில் எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு காலையும் விட்டுவிட்டு வருவது மாப்பிள்ளை வீட்டாரான எங்களுடைய வழக்கம். இடது காலை விட்டுவிட்டு உள்ளே போனேன்.